கண்ணுக்குள் ஒரு தாழ்வு நிலை

நாலு என்று இருந்ததைப் பதினாலு என்று எழுதியவன் நான். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை இதைச் செய்தால் டீச்சர் காதைத் திருகுவார். நான் செய்தபோது எனக்கு முப்பத்தெட்டு வயது. சட்டைப் பையில் இரண்டு பேனா, கழுத்தில் அடையாள அட்டை, எட்டு வருட அனுபவம். எழுதியது ஒரு மனிதனின் கண் சீட்டில். அதுவும் எந்த மனிதன்? யாராவது இவனைக் கொண்டுவந்து என் முன்னால் ஒரு நாள் உட்காரவைக்க மாட்டார்களா என்று பன்னிரண்டு வருடமாக நான் ஏங்கிக்கொண்டிருந்தவன். கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். நான் பதினாலு என்று எழுதினேன்.

என் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். சிதம்பரத்தில் வடக்கு வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், ஒரு கண் கிளினிக். டாக்டர் பார்ப்பதற்கு முன்னால் ஆளைப் பார்க்கிறவன் நான். எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்வது, கண்ணாடி பவர் பார்ப்பது, கண்ணின் அழுத்தம் பார்ப்பது, எல்லாவற்றையும் சீட்டில் எழுதி உள்ளே அனுப்புவது. காட்டுமன்னார்கோயில் டவுன் பஸ்ஸில் வந்து இறங்குகிற பெரியவர்கள் சிலர் என்னையே டாக்டர் என்று நினைத்துக் கும்பிடுவார்கள். நான் மறுக்க மாட்டேன். அவ்வளவு தூரம் வந்தவர்கள் மனம் கஷ்டப்படக் கூடாது பாருங்கள்.

கண்ணுக்குள் எந்நேரமும் நீர் ஊறிக்கொண்டும் வடிந்துகொண்டும் இருக்கும். இரண்டும் சரியாக இருந்தால் அழுத்தம் பார்க்கும்போது பத்துக்கும் இருபதுக்கும் நடுவில் ஓர் எண் வரும். வடிகிற வழி அடைத்துக்கொண்டால் எண் ஏறும். அந்த வியாதியை எங்கள் பக்கத்தில் எல்லோரும் 'கண்ணுல பிரஷர்' என்பார்கள். எண் இறங்குவதும் ஒரு வியாதிதான். ஆனால் அது அபூர்வம். பாடத்தில் படித்தேன், பரீட்சையில் எழுதினேன், அதோடு அது என்னைத் தேடி வரவில்லை.

அழுத்தம் பார்க்கிற விதம் இது. மரத்துப்போவதற்கு ஒரு சொட்டு மருந்து, அப்புறம் மஞ்சள் சாயம். நீல வெளிச்சத்தில் ஒரு சின்னக் கூம்பைக் கருவிழியில் தொட்டும் தொடாமல் வைக்க வேண்டும். இந்தப் பக்கம் நான் குனிந்து பார்த்தால் இரண்டு பச்சை அரைவட்டங்கள் தெரியும். பக்கத்தில் உள்ள திருகை உருட்டி, அரைவட்டங்களின் உள் ஓரம் ஒன்றையொன்று தொடும்படி செய்ய வேண்டும். பிறகு திருகில் எந்தக் கோடு என்று பார்க்க வேண்டும். ஒன்று என்று போட்டிருந்தால் பத்து, இரண்டு என்றால் இருபது. நடுவில் உள்ள சின்னக் கோடு ஒவ்வொன்றும் இரண்டு. ஒன்றைத் தாண்டி இரண்டு கோடு என்றால் பதினாலு. பூஜ்யத்தைத் தாண்டி இரண்டு கோடு என்றால் நாலு. எட்டு வருடத்தில் என்னைப் பூஜ்யத்தின் பக்கம் யாரும் கூட்டிக்கொண்டு போனதில்லை. எனக்கு எப்போதும் ஒன்றில்தான் குடித்தனம்.

ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு காலை. சீட்டில் இருந்த பெயரைப் படித்தபோது ஒன்றும் தோன்றவில்லை. அந்தப் பெயரில் எங்கள் கடலோரத்தில் படகுக்கு ஒருவர் இருப்பார். பெயரைக் கூப்பிட்டேன். கதவைத் தள்ளிக்கொண்டு அவன் வந்தான்.

கடலூரில் எனக்கும் அவனுக்கும் ஒரே பள்ளி, ஒரே கல்லூரி, ஒரே சைக்கிள். சைக்கிள் அவனுடையது, பஞ்சர் என்னுடையது. அவன் மீன்பிடிக் குப்பத்துப் பையன். நான் மஞ்சக்குப்பத்தில் ஒரு குமாஸ்தா வீட்டுப் பிள்ளை. ஒரு தடவை பெரிய வீரன் மாதிரி அவன் படகில் ஏறிப் போனேன். முகத்துவாரம் தாண்டுவதற்குள் காலையில் சாப்பிட்ட இட்லி வெளியே வந்துவிட்டது. திரும்பி வந்து கரையில் இறங்கும்போது, "மச்சான் மீனுக்கெல்லாம் டிபன் போட்டுட்டு வர்றாரு, வழி உடுங்க" என்று அவன் கத்தியதில் குப்பமே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். என்னை வைத்துச் சிரிக்க அவனுக்கு உரிமை உண்டு, அவனை வைத்துச் சிரிக்க எனக்கு. அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இருபத்தாறு வயதில் அவனுக்குப் பெண் பார்த்தார்கள். அவனுக்குப் பிடித்த பெண். பரங்கிப்பேட்டைப் பக்கம். பெண்ணின் மாமா ஒருவர் பையனைப் பற்றி விசாரிப்பதற்காக என்னைத் தேடி டீக்கடைக்கு வந்தார். வெள்ளை வேட்டி, கையில் மடக்குக் குடை, முகத்தில் சிரிப்பு என்பதே கிடையாது. எனக்கு அந்த மாதிரி முகத்தைப் பார்த்தால் நாக்கு அரிக்கும்.

"தம்பிக்குப் பழக்கவழக்கம் எல்லாம் எப்படி?" என்றார்.

"கெட்ட பழக்கம் ஒண்ணும் கெடையாதுங்க. காலையில நாலு மணிக்குத் தண்ணியில எறங்குனான்னா மத்தியானம் வரைக்கும் தண்ணியிலயேதான் இருப்பான்" என்றேன்.

சொல்லிவிட்டு அவர் சிரிப்பதற்காகக் காத்திருந்தேன். அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். பின்னாலேயே ஓடிப் போய், "கடல்ல எறங்குவான்னு சொன்னேங்க" என்றேன். அவர் குடையை விரித்துக்கொண்டார். அன்று மழையும் இல்லை, வெயிலும் இல்லை.

சம்பந்தம் நின்றுபோனது. சாயங்காலம் அவன் என்னிடம் வந்தான். சத்தம் போடவில்லை.

"கடல எவன்டா தண்ணின்னு சொல்லுவான்?" என்றான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. குப்பத்துப் பேச்சில் கடல் கடல்தான். தொழிலுக்குப் போறேன், கடலுக்குப் போறேன் என்பார்கள். தண்ணி என்றால் குடத்தில் இருப்பது, இல்லாவிட்டால் பாட்டிலில் இருப்பது. இருபது வருடம் கூடவே திரிந்தும் இது எனக்குத் தெரியவில்லை. அவன் அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடித்தவன் மறுநாள் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுப்பான். அவன் திரும்பி நடந்தான். மன்னிப்புக் கேட்க மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் வாசலில் நின்று ஏதோ ஒரு ஜோக் சொன்னேன். என் வாய் அப்படி. பிறகு அவன் கிள்ளைப் பக்கம் வேறொரு பெண்ணைக் கட்டிக்கொண்டு அந்த ஊரோடு போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன். எனக்குச் சிதம்பரத்தில் வேலை கிடைத்தபோது, தினமும் கிள்ளை பஸ் நிற்கிற இடத்தைச் சுற்றிக்கொண்டுதான் கிளினிக்குக்குப் போவேன். யாராவது கேட்டால் அந்த வழியில் நிழல் ஜாஸ்தி என்பேன். அந்த வழியில் ஒரு மரம்கூடக் கிடையாது.

இப்போது அவன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். காதோரம் நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் ஒரு கணம் எழுந்துவிடுவான் போல இருந்தது. பக்கத்தில் நின்ற மனைவி தோளில் கை வைத்திருந்ததால் உட்கார்ந்தான்.

"மச்சான்" என்றேன்.

"வலது கண்ணு சார்" என்றான். "வல இழுக்கச்ச ரோப்பு அறுந்து அடிச்சிடுச்சு. ஒரு வாரம் ஆவுது. செவப்பு கொறஞ்சிடுச்சு. ஆனா மசமசன்னு தெரியுது. கரையே ஒழுங்கா தெரியமாட்டேங்குது."

சார்! வாழ்க்கையில் எத்தனையோ பேர் என்னைச் சார் என்று கூப்பிட வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறேன். அந்தப் பட்டியலில் அவன் இல்லை.

எழுத்துப் பலகையில் வலது கண்ணால் மேலே மூன்று வரிதான் படித்தான். அடுத்து அழுத்தம். மேஜையோடு பொருத்தியிருந்த கருவியின் தாங்கியில் அவன் தாடையை வைத்தான், நெற்றியைப் பட்டையில் ஒட்டினான். எனக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு சாண் இருக்கும். எனக்குப் பதற்றம் வந்தால் வாய் ஓடும். மழை, பஸ், மின்வெட்டு என்று என்னென்னவோ பேசினேன். "என் காதப் பாருங்க" என்றேன். எல்லோரிடமும் சொல்கிற வார்த்தைதான், கண் நேராக நிற்பதற்காக. அவன் என் காதையே பார்த்தான். நான் திருகை உருட்டினேன். அரைவட்டங்கள் தொட்டன. கோட்டைப் பார்த்தேன். இரண்டு சின்னக் கோடு. பதினாலு என்று எழுதினேன். இடது கண் பதினாறு.

டாக்டர் அம்மா சீட்டைப் பார்த்தார். அழுத்தம் சரி என்று இருந்ததால் அடிபட்ட வீக்கம்தான் என்று நினைத்து, சொட்டு மருந்து எழுதி, ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார். அவன் போய்விட்டான். சந்து முனை வரைக்கும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த ஆளைக் கூப்பிட மறந்துவிட்டேன்.

சாயங்காலம் கடலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தப் பத்து நிமிடத்தை முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தேன். அவன் வந்தது, நரை, சார் என்றது. புதுச்சத்திரம் தாண்டியபோது அவன் என் காதைப் பார்த்த இடத்துக்கு வந்திருந்தேன். என் விரல்கள் முழங்கால் மேல் தானாகத் திருகை உருட்டிக்கொண்டிருந்தன. அப்போதுதான் கவனித்தேன். அவை கீழ்ப்பக்கமாக உருட்டிக்கொண்டிருந்தன.

கருவியை நான் எப்போதும் ஒன்றில் வைத்துவிட்டுத்தான் ஆரம்பிப்பேன். பதினாலுக்குப் போக வேண்டுமானால் மேலே உருட்ட வேண்டும். நான் கீழே உருட்டினேன். கீழே, இன்னும் கீழே. அரைவட்டங்கள் பிடியில் நிற்காமல் துடித்துக்கொண்டிருந்ததும் ஞாபகம் வந்தது. ஒன்றைத் தாண்டிய கோடுகள் அல்ல அவை. பூஜ்யத்தைத் தாண்டியவை. என் கண் இரண்டு கோட்டைப் பார்த்தது, என் பழக்கம் முன்னால் ஒரு ஒன்றைப் போட்டுக்கொண்டது.

ஆலப்பாக்கம் வரைக்கும் "இல்ல, பதினாலுதான்" என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் தள்ளி உட்கார்ந்தார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் போய் டாக்டர் அம்மா வருவதற்கு முன் வாசலில் நின்றேன். விஷயத்தைச் சொன்னேன். இன்றோடு வேலை போனது என்றுதான் நினைத்தேன். சீட்டை எடுத்து, பதினாலைப் பேனாவால் கறுப்பாக அடிக்கப் போனேன்.

"மேல அடிச்சு மறைக்காதீங்க" என்றார். "ஒரே ஒரு கோடு போடுங்க. தப்பா எழுதுனது படிக்கத் தெரியணும். பக்கத்துல சந்தேகம், மறுபடி பாக்கணும்னு எழுதி, இன்னிக்குத் தேதி போட்டுக் கையெழுத்துப் போடுங்க. போட்டுட்டு அவர உடனே வரச் சொல்லுங்க. உண்மையிலேயே நாலுன்னா உள்ள ரெட்டினா சுருங்கி மடிஞ்சிருக்கும். ரொம்ப நாள் மடிஞ்சு கெடந்தா அப்புறம் அழுத்தம் ஏறுனாலும் பார்வை திரும்பாது."

ஒரே ஒரு கோடு போட்டேன். அந்தச் சௌகரியத்தைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. டீக்கடையில் சொன்னதன் மேலும் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் 'கடலில்' என்று எழுதி, கையெழுத்துப் போட ஏதாவது சீட்டு இருந்தால் நான் பன்னிரண்டு வருடம் முன்பே போட்டிருப்பேன்.

சீட்டில் இருந்த நம்பரைக் கூப்பிட்டேன்.

"ஹலோ, யாரு?"

"நான்தான் மச்சான், கிளினிக்லேருந்து. உன் கண்ணுல லோ பிரஷர்."

அந்தப் பக்கம் காற்று இரைச்சலுக்கு மேல் கத்தினான்.

"கடல்ல லோ பிரஷர்னு மூணு நாளா சொல்லிக்கினு இருக்கான். போட்டெல்லாம் கரையில ஏத்திக் கெடக்குது. இப்ப என் கண்ணுலயும் வந்திடுச்சா? இன்னும் உங்களுக்கு அடங்கலியா சார்?"

வைத்துவிட்டான்.

அவனைக் குறை சொல்ல முடியாது. வங்கக் கடலில் தாழ்வு நிலை என்று துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிற நாளில், ஊர் அறிந்த கோமாளி ஒருவன் போன் செய்து உன் கண்ணிலும் தாழ்வு நிலை என்றால், நானாக இருந்தாலும் வைத்திருப்பேன். மறுபடி கூப்பிட்டேன். எடுக்கவில்லை. இன்னொரு தடவை. எடுக்கவில்லை. என் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை நான் உண்மையைச் சொல்லி, அது ஜோக்காகப் போய், அதனால் அவன் கண் போகப் போகிறது என்று தோன்றியதும் மறுபடி எண்ணை அழுத்தினேன். நாலாவது தடவை அவன் மனைவி எடுத்தார்.

"அவரு எடுக்க மாட்டேங்கறாரு. நீங்க யாரு பேசறது?"

யார் என்று சொன்னேன். பிறகு நாலே வாக்கியம், நடுவில் ஒரு சிரிப்பு இல்லாமல். "நேத்து அழுத்தத்த நான் தப்பா எழுதிட்டேம்மா. பதினாலு இல்ல, நாலு. கண்ணு உள்ள தளந்து கெடக்குது. இப்படியே உட்டா வலது கண்ணுல பார்வை போயிடும்."

"சத்தியமா?"

"சத்தியமா."

"கூட்டிக்கினு வர்றேன்" என்று வைத்தார்.

மத்தியானம் வந்தார்கள். அவன் முகம் இஞ்சி தின்ற மாதிரி இருந்தது. காரணம் நான் மட்டும் இல்லை என்று பிறகு தெரிந்தது.

"லோ பிரஷர்னு இவருகிட்ட சொன்னீங்களாமேன்னு உப்பு போட்டு ரெண்டு சொம்பு எலுமிச்சம்பழம் கரைச்சுக் குடுத்தேண்ணா" என்றார் மனைவி. "நாரத்தங்கா ஊறுகாயும் ரெண்டு துண்டு குடுத்தேன். இப்பக் கொஞ்சமாச்சும் ஏறியிருக்கும்ல?"

அது உடம்பின் ரத்த அழுத்தம், இது வேறு என்று விளக்கினேன்.

"அப்ப நான் குடிச்சது?" என்று அவன் மனைவியைப் பார்த்துக் கேட்டான்.

"உடம்புக்கு நல்லது, போ" என்றார் அவர்.

இந்தத் தடவை திருகைப் பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்தேன். மூன்று தடவை பார்த்தேன். மூன்று தடவையும் நாலு. எழுதினேன், மணியையும் எழுதினேன், மூன்று முறை பார்த்தது என்றும் எழுதினேன். டாக்டர் அம்மா உள்ளே கண்ணாடி பதித்த ஒரு லென்ஸை அவன் கண்மேல் வைத்து, கருவிழி சேர்கிற மூலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நான் பக்கத்தில் நின்று எழுதிக்கொண்டிருந்தேன்.

"மூணு மணியிலேருந்து நாலரை மணி வரைக்கும்" என்றார்.

"அவ்ளோ நேரம் ஆவுமா மேடம்? நாலு மணி பஸ்ஸப் புடிக்கணும்" என்றான் அவன், தலையை அசைக்காமல்.

டாக்டர் அம்மா சிரித்துவிட்டார். கண்ணைக் கடிகாரம் போல வைத்து இடத்தைச் சொல்கிற வழக்கம் அது. அந்த இடத்தில், உள்ளே தசை பிரிந்து ஒரு பிளவு. வழக்கமான வழியோடு அந்தப் பிளவு வழியாகவும் நீர் இறங்கிக்கொண்டிருந்தது. ஸ்கேன் எடுத்தபோது விழித்திரையில் கசங்கிய துணி மாதிரி மடிப்புகள். காற்று இறங்கிய பந்தின் தோல் சுருங்குமே, அப்படி என்று அவனுக்குச் சொன்னார். பாவையை விரித்துவைக்க ஒரு சொட்டு மருந்து எழுதினார். கனம் தூக்கக் கூடாது, குனியக் கூடாது, கடலுக்குப் போகக் கூடாது. வாரம் ஒரு முறை வந்து அழுத்தம் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆறு வாரத்தில் பிளவு மூடாவிட்டால் புதுச்சேரிக்கு அனுப்பி லேசர், அதற்கும் சரிப்படாவிட்டால் ஆபரேஷன்.

"மூடுறப்ப திடீர்னு அழுத்தம் ஏறும். வலிக்கும், வாந்திகூட வரலாம். பயப்படாம நேரா இங்க வந்துடுங்க" என்றார்.

அப்படித்தான் எனக்கு வாரம் பத்து நிமிடம் கிடைத்தது. வெள்ளிக்கிழமை காலை. வியாழக்கிழமையே சட்டையை இஸ்திரி போட்டு வைத்துவிடுவேன். ஒரு வெள்ளிக்கிழமை காதில் இருந்த முடியைக்கூட வெட்டிக்கொண்டு போனேன். அவன் பார்க்கிற இடம் அதுதானே.

அவன் வருவான், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் மாட்டுவான், தாடையை வைப்பான். மருந்தால் பாவை விரிந்து அந்தக் கண் முழுக்கக் கறுப்பாக இருக்கும். நான் அதற்குள் நீல வெளிச்சத்தை விடுவேன். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தபோதுகூட இவ்வளவு கிட்டத்தில் நான் அவனைப் பார்த்ததில்லை. இமையில் ஒரு பழைய தழும்பு உண்டு. என் சைக்கிள் ஓட்டும் திறமையால் வந்தது. ஒரு சாண் தூரத்தில் அது எனக்குத் தெரியும். அவனுக்கு என் காது தெரியும்.

"எவ்ளோ சார்?"

"அஞ்சு."

"போன வாரம்?"

"நாலு."

அவ்வளவுதான் பேச்சு. மூன்றாவது வாரம் மறுபடியும் நாலு. கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தே இருந்தான். படகை அவன் மச்சினன் ஓட்டிக்கொண்டு போகிறான் என்றும், இவன் கரையில் நின்று பார்க்கிறான் என்றும், ஒரு கண்ணில் படகு ஒன்றாகவும் இன்னொரு கண்ணில் புகையாகவும் தெரிகிறது என்றும் மனைவி சொன்னார்.

அந்த மனைவி எனக்குப் பிடித்துப்போனார். ஒரு நாள் அவன் உள்ளே ஸ்கேனுக்குப் போயிருந்தபோது என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்கதான அந்தத் தண்ணி அண்ணன்?"

எனக்கு முகம் எங்கேயோ போயிற்று.

"எங்க வீட்டுல உங்கப் பேரு அதுதான்" என்றார். "குழாயில தண்ணி வரலன்னாகூட உங்க ஞாபகம் வந்திடும் இவருக்கு. எனக்கு உங்கமேல கோவம் இல்லண்ணா. நீங்க அன்னிக்கு ஒழுங்கா பேசியிருந்தா இவரு எனக்கு எங்க கெடச்சிருப்பாரு?"

"அப்ப கல்யாணத்த முடிச்சு வச்சதுக்கு எனக்கு நீ ஒரு சேலை எடுத்துத் தரணும்மா" என்றேன்.

"சேலையா? உங்களுக்கா?"

"பேச்சுக்குச் சொன்னேன்."

"இப்படிப் பேசித்தான உங்கள இவரு அண்ட உடமாட்டேங்கறாரு" என்றார்.

நாலாவது வெள்ளிக்கிழமை நான் ஒரு முடிவோடு போனேன். மன்னிப்புக் கேட்டே தீர வேண்டும், அதில் ஜோக் வந்துவிடக் கூடாது. கூம்பு கண்ணில் தொட்டதும் ஆரம்பித்தேன். அப்போது அவனால் எழுந்து போக முடியாது. கோழைக்கும் ஒரு தந்திரம் வேண்டுமே.

"அன்னிக்கு டீக்கடையில நான் சொன்னது தப்பு. வெளையாட்டுன்னு நெனச்சேன். உன் வாழ்க்கன்னு நெனைக்கல. அப்பவே இத சொல்லியிருக்கணும்."

அரைவட்டங்கள் லேசாக ஆடின. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். நின்றன. ஆறு. கூம்பை எடுத்தேன். அவன் பஞ்சால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"ஒண்ணும் சொல்ல மாட்டியா?" என்றேன்.

"பேசுனா அசையும், பேசாதன்னு நீங்கதான சொன்னீங்க சார்" என்றான்.

"இப்ப எடுத்துட்டேனே."

"எவ்ளோ?"

"ஆறு."

தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனான்.

ஐந்தாவது வாரம் செவ்வாய்க்கிழமை. காலையில் கிளினிக் திறக்கிறபோதே ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். அவன் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, வழியெல்லாம் வாந்தி எடுத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். மனைவிக்கு முகத்தில் ரத்தமே இல்லை. "கண்ணு வெடிச்சிடும்போல இருக்குங்கறாருண்ணா" என்றார். நான் அவனைத் தாங்கிப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தேன். தலை நிற்கவில்லை. பின்னந்தலையை ஒரு கையால் கருவியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் திருகை உருட்டினேன். மேலே உருட்டினேன். இரண்டைத் தாண்டி, மூன்றைத் தாண்டி, நாலைத் தாண்டி உருட்டிக்கொண்டே போனேன்.

"நாப்பத்தாறு மேடம்!" என்று கத்தினேன். கோயிலில் தேங்காய் உடைத்தவன் மாதிரி எனக்குச் சந்தோஷம். அங்கே ஒருவன் வலியில் துடிக்கிறான், நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். டாக்டர் அம்மாவும் சிரித்தார், அதனால் தப்பித்தேன். பிளவு மூடிவிட்டது. இத்தனை நாள் பாதி வேலையோடு கிடந்த பழைய வழி, திடீரென்று வந்த நீரைத் தாங்காமல் திணறுகிறது. அதற்குச் சொட்டு மருந்தும் மாத்திரையும் கொடுத்து, மத்தியானம் வரைக்கும் அங்கேயே படுக்கவைத்தார். நான் அரைமணிக்கு ஒரு தடவை பார்த்து, மணியோடு எழுதினேன். நாப்பத்தாறு, நாப்பது, முப்பத்திரண்டு, இருபத்தாறு. அன்று அவன் என் சட்டையிலும் கொஞ்சம் வாந்தி எடுத்திருந்தான். நான் கழுவிக்கொள்ளப் போகாமல் நின்றதைப் பார்த்து மனைவிதான் துண்டைக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை பதினெட்டு. அடுத்த வெள்ளிக்கிழமை பலகையில் கீழிருந்து இரண்டாவது வரி வரைக்கும் படித்தான். ஸ்கேனில் மடிப்புகள் நீவிவிட்ட மாதிரி போய்விட்டிருந்தன. டாக்டர் அம்மா என்னிடம், "இன்னிக்கும் அழுத்தம் நின்னுடுச்சுன்னா வாராவாரம் வேணாம். கடலுக்குப் போகலாம், மூணு மாசம் கழிச்சு வந்தா போதும்" என்றார்.

அவன் தாடையை வைத்தான். நான் திருகை உருட்டினேன். பன்னிரண்டு. இன்னொரு தடவை பார்த்தேன். பன்னிரண்டு. தேவையே இல்லாமல் மூன்றாவது தடவையும் பார்த்தேன். அந்தக் கண் அவ்வளவு அழகாக அந்த எண்ணில் நின்றது, துடிப்பு இல்லை, ஆட்டம் இல்லை.

பேனாவைத் திறந்துவிட்டு எழுதாமல் வைத்திருந்தேன். ஏழு என்று எழுதினால் அடுத்த வெள்ளிக்கிழமை வருவான். எட்டு என்றால்கூட வருவான். என் கையெழுத்தை யாரும் சந்தேகப்படப் போவதில்லை. வியாழக்கிழமை சட்டை இஸ்திரி போட்டு வைப்பேன். ஒரு சாண் தூரத்தில் அந்தத் தழும்பு. படகு கரையில் கிடக்கும். அவன் மச்சினன் இன்னும் ஒரு வாரம் ஓட்டுவான், ஒன்றும் குடிமுழுகிப் போகாது. இப்படியெல்லாம் யோசிக்கிறவனிடம்தான் நீங்கள் கண்ணைக் காட்டுகிறீர்கள்.

"எவ்ளோ?" என்றான் அவன்.

"பன்னெண்டு" என்றேன். எழுதினேன். மணி போட்டேன், கையெழுத்துப் போட்டேன்.

டாக்டர் அம்மா பார்த்து முடித்ததும் மனைவி பஸ் வருகிறதா என்று பார்க்கச் சந்து முனைக்குப் போய்விட்டார். வாசலில் அவன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். வெயில் அடித்தது. மழைக்காலம் முடிந்து நன்றாகக் காய்ந்த ஒரு காலை, கடலுக்குப் போகத் தோதான நாள் என்று எனக்கே தெரிந்தது. சொல்வதற்கு ஒரு நல்ல ஜோக்குகூட வரவில்லை.

"மூணு மாசம் ரொம்ப ஜாஸ்தி மச்சான்" என்றேன். "நடுவுல ஒரு தடவ பிரஷர் பாத்துக்கறது நல்லது. நீ அலைய வேணாம். ஞாயித்துக்கெழம நானே கிள்ளைக்கு வர்றேன். வீட்டுலயே வச்சுப் பாத்துடலாம்."

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தான்.

"மெஷினத் தூக்கிக்கினாடா வருவ?" என்றான்.